இரண்டு சிவப்பு முதுகுகள்

ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வளர்ந்தேன். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஒரு தாத்தா இருந்தார். மரங்கொத்தியைப் பற்றி அவரிடம் ஒரே தீர்ப்புத்தான்: “பெருசு புருசன், சின்னது பொண்டாட்டி.” இரண்டுக்கும் முதுகு ஒரே இரத்தச் சிவப்பு, இரண்டுக்கும் தலையில் கொண்டை, இரண்டும் மரத்தில் செங்குத்தாக ஏறும். வேறென்ன வேண்டும்? ஒருநாள் நான் கேட்டேன்: “தாத்தா, ரெண்டுக்கும் கண்ணு வேற வேற நெறமா இருக்கே?” அவர் சளைக்கவில்லை. “ஏன் இருக்கக்கூடாது? எங்கண்ணும் ஒங்க பாட்டி கண்ணும் ஒண்ணாவா இருக்கு?”

தாத்தா சொன்னது தவறுதான். ஆனால் படித்தவர்களும் இந்தப் பறவைகளின் உறவுமுறையை இருநூறு ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தித்தான் எழுதிவருகிறார்கள். கண்டியில் ஒரே மரத்தில் தொத்தியிருக்கும் இந்த இரண்டு சிவப்புகளும் ஒன்றுக்கொன்று யார்? யாழ்ப்பாணத்துப் பனையில் ஏறும் பொன்முதுகு மரங்கொத்தி இவற்றுக்கு என்ன முறை? நிறத்தை நம்பி விடை சொன்னவர்கள் எல்லோருமே சறுக்கியிருக்கிறார்கள்.

முதலில் அடையாளம். கண்டிப் பக்கத்தில் இரண்டையும் பைனாகுலர் இல்லாமலே பிரித்தறியலாம், பறவை கொஞ்சம் ஒத்துழைத்தால். பெரியதன் அலகு நீளமானது, தந்த நிறம் கலந்து வெளிறியது. கண்ணும் வெளிறியது, அதனால் எப்போதும் எதையோ கண்டு திடுக்கிட்டதுபோல் ஒரு பார்வை. அலகின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கும் கறுப்பு மீசைக்கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவில் வெள்ளையை அடைத்துவைத்திருக்கும். சின்னதன் அலகு கறுத்தது, கண் கருமை, மீசை ஒற்றைக் கோடு. ஆண் பெண் வேறுபாடு உச்சந்தலையில் இருக்கிறது. இரண்டு இனத்திலும் ஆணுக்குத் தலை முழுக்கச் சிவப்பு. பெரியதன் பெண்ணுக்குச் சிவப்பே கிடையாது. கறுப்புத் தலையில் அரிசி தூவியதுபோல் வெண்புள்ளிகள். சின்னதன் பெண்ணுக்கு முன்நெற்றி மட்டும் அப்படி, பின்கொண்டை சிவப்பு. ஆக, தாத்தாவின் “புருசனு”க்கும் ஒரு மனைவி உண்டு, “பொண்டாட்டி”க்கும் ஒரு கணவன் உண்டு. நான்கு பேரையும் அவர் பார்த்திருப்பார்; இரண்டு பேராக எண்ணிவிட்டார்.

வசதிக்காக நான் இவற்றைப் பெரிய சிவப்பி, சின்னச் சிவப்பி என்றே குறித்துவைப்பது வழக்கம். தமிழில் பொதுப்பெயர் மரங்கொத்தி. தச்சன் குருவி என்றொரு பழைய பெயரும் அகராதியில் கிடக்கிறது, அழகான பெயர், ஏன் கைவிட்டோமோ. சிங்களத்தில் “கேரலா” என்பார்கள். எழுதினால் மலையாள நாட்டின் பெயர்போல் தோன்றும். அந்த முதல் எழுத்தின் ஒலி நம் எழுத்தில் அடங்காது.

மரத்தில் ஏறிப் பிழைப்பது எளிய தொழில் அல்ல. காகத்துக்கும் குருவிக்கும் விரல்கள் மூன்று முன்னே, ஒன்று பின்னே. மரங்கொத்திக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. பின்விரல்களில் ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பியும் பட்டையைப் பற்றிக்கொள்ளும். மூன்றாவது கால் வால்தான். நடு வாலிறகுகள் ஈர்க்குக் கட்டுப்போல் விறைத்தவை; அவற்றை மரத்தில் ஊன்றித்தான் உடம்பு நிற்கிறது. இறகு உதிரும் காலத்தில் மற்ற வாலிறகுகள் எல்லாம் முளைத்து உறுதியான பிறகே அந்த நடு இரண்டும் உதிரும். ஊன்றுகோலைக் கடைசிவரை கைவிடுவதில்லை. நாக்கு இன்னும் விசித்திரம். அதைத் தாங்கும் எலும்பு வாய்க்குள் தொடங்கி, தலையோட்டின் பின்புறம் சுற்றி, உச்சியைக் கடந்து நெற்றிப் பக்கம் வந்து முடிகிறது. புழு குடைந்த துளைக்குள் அலகு போகாத தூரத்துக்கு நாக்கு போகும். பசையும் முட்களும் இரையை ஒட்டியெடுத்து வரும்.

இங்கே ஒரு பழைய கதையைத் திருத்தியாக வேண்டும். மரங்கொத்திக்கு ஏன் தலைவலி வருவதில்லை என்ற கேள்விக்கு, மண்டையில் பஞ்சுபோன்ற எலும்பு அதிர்ச்சியை உறிஞ்சிவிடுகிறது என்று பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கேள்வியை ஆராய்ந்த ஐவன் ஷ்வாப், காலஞ்சென்ற பிலிப் மே ஆகிய இருவருக்கும் 2006-இல் இக் நோபல் பரிசுகூடக் கிடைத்தது. சிரிக்கவைத்துவிட்டுச் சிந்திக்கவைக்கும் ஆய்வுக்குத் தரும் பரிசு அது. ஆனால் 2022-இல் பெல்ஜியத்தின் சாம் வான் வாசென்பெர்க் குழுவினர், மூன்று வகை மரங்கொத்திகள் கொத்துவதை அதிவேகக் காணொளியில் பிடித்து அளந்தபோது, அலகு நிற்கும் அதே கணத்தில் தலையோடும் நிற்பதைக் கண்டார்கள். உறிஞ்சுதல் என்று எதுவும் இல்லை. தலை ஒரு கட்டைச் சுத்தியல்போல் வேலை செய்கிறது. அதிர்ச்சியை உறிஞ்சும் சுத்தியலால் ஆணி அடிக்க முடியுமா? ரப்பர் சுத்தியலைக் கையில் எடுத்த எந்தத் தச்சனும் இதைச் சொல்லியிருப்பான். மூளை தப்புவது அதன் சிறுமையால்தான்: மிகச் சிறிய மூளையில் அந்த அடி உண்டாக்கும் அழுத்தம் ஆபத்தான அளவை எட்டுவதில்லை.

மரமேறும் கூட்டத்தில் வேறு சிலரும் உண்டு. மஞ்சள் பிடரி கொண்ட பச்சை மரங்கொத்தி ஒன்று, சிட்டுக்குருவி அளவில் கிளைநுனிகளில் திரியும் குட்டி மரங்கொத்தி ஒன்று. இவற்றைக் கடந்து போகலாம், ஆனால் ஒரு நீலக் குருவியைக் கடந்து போக முடியாது. நட்ஹாட்ச் இனத்தைச் சேர்ந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். முதுகு ஊதா கலந்த நீலம், நெற்றியில் கறுப்பு வெல்வெட் துண்டு ஒட்டியதுபோல் ஒரு பட்டை, அலகு பவளச் சிவப்பு. அது மரங்கொத்தியே அல்ல. விரல்கள் சாதாரணக் குருவியின் விரல்கள்தான், வாலும் மென்மையானது. ஆனாலும் மரத்தில் மேலும் கீழும் ஓடும். தலைகீழாகவும் இறங்கும், மரங்கொத்தியால் முடியாத வித்தை. உற்றுப் பார்த்தால் இரகசியம் பிடிபடும்: இரண்டு கால்களையும் சேர்த்து வைப்பதில்லை. ஒன்றை மேலே கொக்கிபோல் மாட்டித் தொங்கும். மற்றதைக் கீழே ஊன்றித் தாங்கும். மேலிருந்து கீழே வரும் கண்ணுக்கு, கீழிருந்து மேலே போகும் கண் தவறவிட்ட பட்டையிடுக்குகள் தெரியும். ஒரே மரம், இரண்டு வழிப் பயணம், இரண்டு சாப்பாடு. மழைக்காடுகளில் பல இனப் பறவைகள் கூட்டாக இரைதேடித் திரிவதைச் சிங்கராஜவில் 1981 முதல் பேராசிரியர் சரத் கொட்டகம தொடங்கி ஆய்வாளர்கள் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள். அத்தகைய கூட்டங்களில் மரத்தண்டுப் பகுதிக்கு ஆள் இந்த நீலக் குருவிதான். கண்டிப் பக்கத்திலும் கூட்டத்தோடு வரும் இரட்டைவால் குருவியின் சத்தம் கேட்டால் கூடவே இதன் “சிட்-சிட்”டைத் தேடலாம்.

சிவப்பிகளின் சாதகத்துக்கு வருவோம். சின்னச் சிவப்பிக்கு 1793-இலேயே லிக்டன்ஸ்டைன் பெயர் வைத்துவிட்டார். பெரியதற்கு 1854-இல் எட்கர் லேயார்ட் பெயரிட்டார். இலங்கைச் சிவில் சேவையில் இருந்துகொண்டே பறவைகளைச் சேகரித்தவர் அவர். கண்டி நகரை ஒட்டிய உடவத்தைக்கலைக் காட்டில் இன்றும் கிறீச்சிட்டுப் பறக்கும் சாம்பல்நீலக் கிளிக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான், அறிவியலில் அவர் மனைவியின் குடும்பப் பெயர். மரங்கொத்திக்கு அவர் தேர்ந்தது ஹியூ ஸ்ட்ரிக்லண்டின் பெயரை. விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளை 1842-இல் வகுத்துத் தந்த குழுவின் தலைமகன் ஸ்ட்ரிக்லண்ட். 1853-இல், இங்கிலாந்தில் இரயில் பாதைக்காக வெட்டிய பாறையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு வண்டிக்கு விலகப்போய் மறு வண்டியில் அடிபட்டு இறந்தார். அடுத்த ஆண்டு அவர் பெயர் கண்டிக் காட்டுப் பறவையின் முதுகில் ஏறியது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இரண்டு சிவப்பிகளும் தனி இனங்களாக மதிக்கப்படவில்லை. பெரியது, இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ்வரை பரந்த ஒரு பொன்முதுகு இனத்தின் இலங்கைக் கிளை. சின்னது, வங்காளத்தின் பெயரைச் சுமந்த, லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட சின்னப் பொன்முதுகின் இலங்கைக் கிளை. அந்தக் காலத்துக் கையேடுகளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனவர்களுக்கு இவை இலங்கைக்கே உரிய பறவைகள் என்று தெரியாது. இன்று இரண்டுமே இத்தீவுக்கு மட்டும் உரிய தனி இனங்களாக ஏற்கப்படுகின்றன. பெயர் மாறியதும் பறவை நோக்குவோர் கூட்டம் கண்டிக்கு வரத் தொடங்கியது; பறவை முன்பு இருந்த மரத்திலேயே இருந்தது.

இரண்டும் தனி இனம் என்பதோடு கதை முடிந்திருந்தால் பெரிய வியப்பில்லை. மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான் உண்மையான தூரம் தெரிந்தது. பெரிய சிவப்பியின் பேரினத்துக்கு நெருங்கிய சொந்தம் பசிபிக் கடலுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிறது. அங்குள்ள பெருமரங்கொத்திக் குலத்தைச் சேர்ந்தது இது. அமெரிக்காவின் சதுப்புக் காடுகளில் வாழ்ந்து, அழிந்துவிட்டதாக அறிவிக்கலாமா என்று 2021-இல் அந்நாட்டு அரசு முன்மொழிந்து இன்னும் வாதம் ஓயாத தந்த அலகு மரங்கொத்தியும் அதே குலம். சின்னச் சிவப்பியோ வேறொரு கிளையில், ஆசியாவின் மூங்கில் மரங்கொத்திகளோடும் எறும்புக்கூட்டில் பொந்து குடையும் செம்மரங்கொத்தியோடும் நிற்கிறது. தாத்தாவின் கணவன் மனைவிக்கு இடையிலான உறவு பங்காளி முறைகூட இல்லை. பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முன்பே பிரிந்த இரண்டு குடும்பங்கள், ஒரே கடையில் எடுத்த புடவையைக் கட்டியிருக்கின்றன.

மறுபக்கம் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியின் வட பகுதியிலும் இருக்கும் மரங்கொத்தி சின்னச் சிவப்பியைப்போலவே இருக்கும், முதுகு மட்டும் பொன்மஞ்சள். 1944-இல் ஹியூ விஸ்லரின் பெயரால் அதற்கு யாழ்ப்பாணத்தை வைத்தே உள்ளினப் பெயர் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு அது நன்றாகப் பழகிய பறவை. தென்னந்தோப்பில் குதிரைக் கனைப்புபோல் சிரித்துக்கொண்டு போகுமே, அதுதான். கண்டிச் சிவப்பும் யாழ்ப்பாணப் பொன்னும் பார்வைக்கு இரு துருவம். ஆனால் புத்தளம், கெக்கிராவ, திருகோணமலை என்று தீவை இடைவெட்டிப் போகும் பகுதியில் இரண்டும் கலந்து இணைசேர்கின்றன. அங்கே செம்மஞ்சள் முதுகோடு குஞ்சுகள் வளர்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன, சமிந்த பெர்னாண்டோ, கனடாவின் டேரன் இர்வின் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கலப்பையும் அதன் எல்லையையும் நிறம், உடலளவு, மரபணு மூன்றையும் கொண்டு பார்த்தது. கலப்பு நடந்தாலும் அது ஒரு குறிப்பிட்ட பகுதியோடு நிற்கிறது. தெற்கே சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. ஆகவே கண்டிப் பறவைக்குத் தனி இனத் தகுதி உண்டு என்பது அவர்கள் முடிவு. கலந்து குஞ்சு பொரிக்கும் இரண்டைத் தனி இனம் என்பது நியாயமா என்று பழைய பாடப்புத்தகம் கேட்கும். இன்றைய அறிஞர்கள் கலப்பு நடக்கிறதா என்பதைவிட, அது பரவி இரண்டையும் கரைத்துவிடுகிறதா என்றே பார்க்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

பொன்னுக்கும் சிவப்புக்கும் இடையே வேதியியல் தூரமும் அதிகமில்லை. பறவையின் உடம்பு கரோட்டினாய்டுகளைத் தானாக உண்டாக்காது. தின்னும் பூச்சியிலிருந்தும் பழத்திலிருந்தும்தான் பெறும். வருவதெல்லாம் பெரும்பாலும் மஞ்சள். அதைச் சிவப்பாக மாற்ற உடலுக்குள் ஒரு நொதியம் வேண்டும். 2016-இல் கனேரிக் குருவியிலும் வரிக்குருவியிலும் அந்த நொதியத்துக்குரிய மரபணுவை இரண்டு குழுக்கள் தனித்தனியே அடையாளம் கண்டன. மஞ்சளிலிருந்து சிவப்புக்கு இப்படி ஒரு படிதான் தூரம் என்றால், அந்தப் படியை வெவ்வேறு குலத்துப் பறவைகள் தனித்தனியே தாண்டியிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

எப்படித் தாண்டின என்பது விளங்கினாலும், ஏன் இரண்டும் ஒரே தீவில், ஒரே நிறத்துக்குத் தாண்டின? இந்தியாவில் இவற்றின் சொந்தங்களான பெரியதும் சின்னதும் இரண்டுமே பொன்முதுகு. கடலைக் கடந்து தென்னிலங்கைக்கு வந்தால் இரண்டுமே சிவப்பு. தற்செயல் என்று கைகழுவ மனம் வரவில்லை.

முதல் விளக்கம் தட்பவெப்பம்: ஈரமான நிலத்துப் பறவைகள் கருமையும் செறிவும் கூடிய நிறம் பெறும் என்ற பழைய விதி. மகாவலியின் மேற்பள்ளத்தாக்குக்கு அது பொருந்துகிறது. ஆனால் சின்னச் சிவப்பி உலர்வலயத்துத் தோப்புகளிலும் அதே சிவப்போடுதான் இருக்கிறது. அது மட்டுமல்ல: பெரிய சிவப்பியின் பேரினத்திலேயே வெண்பிடரி மரங்கொத்தி என்று ஒன்று இதே தீவின் வறண்ட பகுதிகளில் வாழ்கிறது, அதன் சிறகு பொன்னாகவே இருக்கிறது. ஈரம் பாதி விளக்கம்தான்.

இரண்டாவது, யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ப்ரம் 2014-இல் விரித்துரைத்தது. சிறியது பெரியதன் வேடம் போடுகிறது என்கிறார். உணவுள்ள மரத்தில் பலம் குறைந்த பறவை பெரியவனைப்போல் தெரிந்தால், மூன்றாவது பறவை ஒதுங்கிப்போகும். பெரியவனே தன் இனத்தான் என்று எண்ணிக் கொஞ்சம் தயங்குவான். நம் ஊரில் பொலிஸ்காரர் மகன் பொலிஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதுபோல. வட அமெரிக்காவின் இரண்டு கறுப்பு வெள்ளை மரங்கொத்திகளும் நம் பெரியது-சின்னது சோடியும் இந்த வாதத்தின் செல்லப்பிள்ளைகள். 2019-இல் எலியட் மில்லரும் தோழர்களும் உலகின் மரங்கொத்திகள் அனைத்தின் நிறங்களையும் வாழிடங்களையும் கணினியில் ஒப்பிட்டார்கள். தட்பவெப்பமும் சொந்தமும் விளக்க முடிந்ததையெல்லாம் கழித்த பிறகும், ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் இனங்கள் சில எதிர்பார்ப்புக்கு மேல் ஒத்துப்போவதைக் கண்டார்கள்.

நான் ப்ரம் சொல்வதைப் பாதிதான் நம்புகிறேன். என் தடை எளியது: கண்டிச் சிவப்பிகளுக்கு நீளத்தில் வித்தியாசம் ஓரிரு அங்குலத்துக்குள். இவ்வளவு கிட்டத்தில் நிற்கும் இருவரில் ஒருவர் மற்றவரின் தொப்பியைப் போட்டு யாரை ஏமாற்றுவது? ஏமாறுபவர் யாரென்று மரத்தடியில் நின்று பார்த்தால்தான் தெரியும், கணினி சொல்லாது.

நின்று பார்க்க மரம் வேண்டும். தலதா மாளிகைக்கு நேர் மேலே, கண்டி அரசர்களின் தோட்டமாக இருந்த உடவத்தைக்கலை 1856-இல் ஒதுக்குக் காடாகவும் 1938-இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. பரப்பு சுமார் 104 ஹெக்டேர். நகரத்தின் ஹாரன் சத்தம் கேட்கும் இடத்தில் பெரிய சிவப்பியைத் தேடலாம் என்பது கண்டிக்காரர்களின் பாக்கியம். ஆனால் அந்தக் காட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த பெரு பல்சம் மரம் கன்றுக்கூட்டமாய் முளைத்து, உள்ளூர்க் கன்றுகளுக்கு வெளிச்சம் விடாமல் நிற்கிறது. மரங்கொத்திக்குப் பசுமை மட்டும் போதாது; செத்த மரம் வேண்டும். உளுத்த கிளையில்தான் புழு, உளுத்த கிளையில்தான் பொந்து. மகாவலி வளைத்தோடும் பேராதனைப் பூங்காவை 1821-இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கினார்; அங்கும் பல்கலைக்கழக வளவிலும் கிழ மரங்களுக்குக் குறைவில்லை. நடைபாதைக்கு மேலே காய்ந்த கிளை தெரிந்தால் வாள் வருகிறது. வரத்தான் வேண்டும், கீழே பிள்ளைகள் நடக்கிறார்கள். நடைபாதையிலிருந்து தள்ளி நிற்கும் காய்ந்த மரத்தையும் அதே சூட்டில் வெட்டிச் சாய்ப்பதுதான் எனக்கு எரிச்சல். அழகு கெடுகிறதாம். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போகும் பொந்தில் அடுத்த பருவம் மைனா இருக்கும், கிளி இருக்கும், சில சமயம் அணில் இருக்கும். பேராதனையின் அழகில் பாதி அந்தப் பொந்துகளில்தான் குடியிருக்கிறது.

பேராதனையில் ஆற்றோரத்தில், யாரும் கண்டுகொள்ளாத ஒரு பட்ட மரத்தின் கீழ் நான் விடுமுறை நாட்களில் உட்காருவேன். கொப்பியில் குறித்தவை அதிகமில்லை. ஒரு காலை: சின்னச் சிவப்பி எறும்புத் தடத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. பெரிய சிவப்பி வந்து மேலே தொத்தியது. சின்னது பறந்துபோகவில்லை, வாலை ஊன்றியபடி மெல்ல மரத்தின் மறுபக்கம் சுற்றிப் போனது. அங்கிருந்து தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மற்றொரு காலை: பொந்து வாயில் ஒரு மைனா. சின்னச் சிவப்பி வந்து ஓரத்தில் தொத்தியது, மைனா அசையவில்லை. கால்மணி நேரம் கழித்துப் பெரிய சிவப்பி வந்து அதே ஓரத்தில் தொத்தி, அந்த வெளிறிய கண்ணால் முறைத்தது.

அதற்கும் மைனா அசையவில்லை.